குளிசை மெஷின் யாருடையது

1

இந்த ஊரில் பனி விழ ஆரம்பித்தால் முதலில் வருவது லொறிதான். நேற்றும் வந்தது. ஆன்னாவின் வீட்டு வாசலில் ஐம்பது பைகளைப் பலகைத் தட்டோடு இறக்கி வைத்துவிட்டு ஓட்டுநர் ஒரு கடதாசியை நீட்டினான், கையெழுத்துப் போடச் சொன்னான். நான் பேனாவை வாங்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். குளிரில் நின்ற மனிதன் சிரித்தே விட்டான். "வெறும் ரசீதுதான்" என்றான். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றில் கையெழுத்துப் போடுவது எனக்கு லேசான காரியம் இல்லை. வாசித்து, விளங்கி, விளங்கியபின் போட்ட ஒரு கையெழுத்து இரண்டு வருடங்களாக என் அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆன்னா நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, ஆஸ்பத்திரியில் தாதி. சுவீடனின் வடக்கே ஒரு சின்ன நகரம் இது. இங்கே பல்கலைக்கழகத்தில் எரிசக்தி பற்றிப் படிக்கிறேன். நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கிறது. அதற்குத் தீனி போடுவது நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பையைக் கிழித்துத் தொட்டியில் சாய்த்தால் சுண்டு விரல் தடிப்பில் மரக்குச்சிகள் கலகலவென்று விழும். வெறும் மரத்தூள். சூடாக்கி, பெரும் அழுத்தம் கொடுத்து, துளைத் தட்டு வழியே பிதுக்கி எடுத்தது. பசை ஒரு துளியும் இல்லை. மரத்துக்குள் இருக்கும் பசையே சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்கிறதாம். இதைப் பாடத்தில் கேட்ட அன்று எனக்கு வயிறு எரிந்தது. நான் ஊரில் மரவள்ளி மாவைக் காய்ச்சிக் காய்ச்சியல்லவா ஊற்றினேன்.

முதல் மாதம் வகுப்பில் ஒருமுறை இதன் பெயர் வாயில் வராமல், சுவீடிஷ் மொழியில் மாத்திரை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன், கொதிகலனுக்குக் காய்ச்சலா, எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அதன் பெயரே அதுதான். அம்மா வைத்த பெயர். குளிசை.

2

எங்கள் வீடு மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகும் பாதையில், ஒரு மர ஆலைக்குக் கீழே. ஆலைக்காரர்கள் மரத்தூளை ஓடைப் பக்கம் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். மலை மாதிரி நிற்கும். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் மரத்தூள் அடுப்புதான். தகரப் பேணியின் நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, போத்தலைச் சுழற்றி உருவி எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் நெருப்பு வைப்பார்கள். நன்றாக இடித்தால் இரண்டு வேளைச் சமையல். சரியாக இடிக்காவிட்டால் பாதியில் உள்ளே சரிந்து வீடெல்லாம் புகை. அம்மாவுக்கு இருமல் அதனால்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பேராதனையில் படித்துக்கொண்டிருந்த காலம். நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் இந்தக் குச்சிகளின் படத்தைப் பார்த்தேன். பார்த்த வார இறுதியிலேயே வீட்டுக்கு வந்து, மூடிவிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து இறைச்சி அரைக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். கைபிடியைச் சுற்றினால் உள்ளே திருகு ஓடி இறைச்சியை முன்னால் தள்ளும். இறைச்சிக்குப் பதில் மரத்தூள். முன்னால் இருக்கும் மெல்லிய தட்டுக்குப் பதில் துளை போட்ட தடித்த இரும்புத் தட்டு. அவ்வளவுதான் யோசனை.

என் அண்ணன் செல்வம் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீஷியன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். மெஷினைப் பலகையில் ஏற்றிப் பூட்டியதும், கைபிடியை நீளமாக்கித் தந்ததும் அவன்தான்.

"விஞ்ஞானி அம்மா, இதுல கறி அரைச்சா ரொட்டிக்கு ஆகும். மரத்த அரைச்சு யாருக்குத் திங்கக் குடுக்கப் போறீங்க?" என்பான்.

"அடுப்புக்கு."

"அடுப்பு வாயத் தொறந்து கேட்டுச்சா?"

முதல் மாதம் முழுவதும் தோல்விதான். தூள் ஈரமாக இருந்தால் கூழாக வழிந்தது. காய்ந்திருந்தால் திருகு இறுகிக் கைபிடி திரும்ப மறுத்தது. கடைசியில் மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கறுவாப் பட்டை உரித்த குச்சிகளின் தூளையும் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தபோது தட்டின் துளைகளில் இருந்து நீள நீளமாக வெளியே வந்தது. தகரத்தில் பரப்பி மூன்று நாள் வெயிலில் வைத்தேன். நான்காம் நாள் அம்மா அதில் தேத்தண்ணி போட்டாள். புகை இல்லை. குடித்துவிட்டு, "ஒரு சாக்கு செஞ்சு வை. மழைக்கு ஆகும்" என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

தட்டின் துளைகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்தன. புதுத் தட்டு கடைய மாத்தளை டவுனில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் போனோம். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"செய்றேன் தங்கச்சி. ஆனா இந்தக் காலத்துல இரும்பு, ஓட்டைன்னு யாராவது வந்து கேட்டாலே எனக்கு நெஞ்சு அடிக்குது. வேலை முடிஞ்சதும் மெஷினோட கொண்டு போயிருங்க. இங்க வச்சுக்க மாட்டேன்."

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் பயந்ததில் பிழையே இல்லை. நான்தான் அப்போது பயப்படத் தெரியாதவளாக இருந்தேன்.

3

மழைக்காலம். இரவு வேலை முடித்துவிட்டு நேராக டவுனுக்கு வந்திருந்தான் அண்ணன். மெஷினையும் புதுத் தட்டையும் சாக்கில் சுற்றி, கம்பியால் கட்டி எடுத்துக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். அதிர்ஷ்டமாக இரண்டு சீட்டு கிடைத்தது. பொதியை என் மடியில் வைத்துக்கொண்டேன். எட்டுக் கிலோ இருக்கும். அண்ணன் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. உங்களுக்கு அந்த முறை தெரியும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். முந்தி ஏறியவருக்கே சீட்டு. அதனால் நம் ஆட்கள் இறங்கும்போது சீட்டில் எதையாவது போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். ஒரு குடை, முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி, பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். அது போட்டிருந்தால் அடுத்தவர் உட்கார மாட்டார். சண்டைக் காலத்திலும் அந்த மரியாதை போகவில்லை. சோதிக்க ஏறும் ஆமிக்காரப் பையன்களும் லேஞ்சியையும் குடையையும் பார்த்துவிட்டுப் பேசாமல் தாண்டிப் போவார்கள்.

நான் பொதியை அண்ணனின் சீட்டில் வைத்தேன்.

"எடுத்துக்கிட்டு எறங்கு கலா," என்றான் அவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"சீட்டுப் போயிரும்ணே. அப்புறம் வீடு வரைக்கும் நின்னுக்கிட்டே தூங்குவியா? ரெண்டே நிமிஷம்."

தூக்கக் கலக்கத்தில் அவன் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

வரிசையில் பாதி போயிருப்போம். பஸ்ஸுக்குள் ஏறிய ஆமிக்காரன் இறங்கினான். இறங்கினான் என்றால், பின்பக்கமாகவே நடந்து, படியைக் காலால் தடவித் தடவி இறங்கினான். கண்ணை உள்ளேயிருந்து எடுக்கவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நொடி ஊதல், கத்தல். எல்லோரும் ஓடிப்போய் வடிகானுக்குப் பக்கத்தில் குந்தினோம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சீட்டில் இருப்பது மரத்தூள் மெஷின் என்று அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

"மேக்க காகெத?" யாருடையது இது என்று ஒரு அதிகாரி சிங்களத்தில் கேட்டார். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன.

நான் எழும்பி ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் அண்ணன் எனக்கு முன்னால் நின்றான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

"மகே, சேர்," என்றான். என்னுடையது.

பிறகு திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் மெதுவாக இறக்கி, முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை எனக்குக் காட்டினான். நில் என்று.

நான் நின்றேன். இவ்வளவுதான் நான் செய்தது.

4

இங்கே பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. சுகந்தி அக்கா, அவருடைய கணவர், ஒன்பது வயது மகள் மீரா. சனிக்கிழமைகளில் மீராவுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். நான் தமிழில் கேட்பேன், அவள் சுவீடிஷில் பதில் சொல்வாள். சுகந்தி அக்கா சமையலறையிலிருந்து, "தமிழில சொல்லு பிள்ளை" என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நேரம் தமிழ் வரும். பிறகு பழையபடி.

"உங்கட தமிழ் இந்தியாக்காரற்ற மாதிரி கிடக்கு கலா," என்று சுகந்தி அக்கா ஒருநாள் சொன்னார். கோபமில்லை, சும்மா. மலையகத் தமிழரான எங்களை இங்கே யாருக்கும் தெரியாது. இலங்கைத் தமிழர் என்றால் வடக்கு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மாத்தளையில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றும்.

போன சனிக்கிழமை மீராவுக்குப் பாடத்தில் மனமில்லை. ஏதாவது கதை சொல்லு என்றாள். நான் அந்த பஸ் கதையை, சிரிப்புக் கதை மாதிரி, பயமுள்ள இடங்களையெல்லாம் வெட்டிவிட்டுச் சொன்னேன். சீட்டுப் பிடிக்க மெஷினை வைத்த கதை. அவள் நன்றாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த மெஷின் உங்கடதோ, அண்ணான்ரதோ?"

"அண்ணாவோடது," என்றேன்.

யோசிக்காமல் வந்தது. அந்த அறையில் துப்பாக்கி இல்லை. எதிரில் ஒன்பது வயதுப் பிள்ளை. மேசையில் வர்ணப் பென்சில்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை. அங்கேயும் நான் அதையே சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது குளிர் எனக்கு உறைக்கவே இல்லை.

5

சோதனைச் சாவடியில் அண்ணனைக் கொண்டுபோன மறுநாள் காலை அம்மாவும் நானும் பொலிஸ் நிலையத்தில் இருந்தோம். பொறுப்பதிகாரி களைத்துப் போன மனிதர். அடிக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேசையில் எங்கள் மெஷின் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது. எல்லாப் பேச்சும் சிங்களத்தில்தான்.

"உங்கள் அண்ணன் எலக்ட்ரீஷியன்," என்றார். அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். "இரும்புக் குழாய். துளை போட்ட தட்டு. ஆளில்லாத சீட்டு. நான் என்ன நினைக்க வேண்டும்?"

"சேர், அது விறகு செய்ற மெஷின். மரத்தூளில. நான் செஞ்சு காட்டுறேன்."

"நீங்களா? அது அவனுடையது என்றானே."

அறையின் மூலையில் அண்ணனை உட்கார வைத்திருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவன் பேசினான்.

"மெஷின் என்னோடது சேர். தங்கச்சிக்குச் சுத்தத் தெரியும். அவ்வளவுதான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"சரி. நாலு மணிக்கு கொழும்பிலிருந்து வாகனம் வருகிறது. அதில் ஏற்றிவிட்டால் பிறகு இது என் கையில் இல்லை. அதற்குள் எரித்துக் காட்டுங்கள்."

எனக்கு உயிர் வந்தது. வீட்டில்தான் ஒரு சாக்குக் காய்ந்த குளிசை இருக்கிறதே. கொண்டுவந்து கொளுத்திக் காட்டினால் போதும். அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மாவின் முகம் செத்திருந்தது.

"எல்லாத்தையும் ஓடையில கொட்டிட்டேன்டி," என்று காதுக்குள் சொன்னாள். "நேத்து ராத்திரியே. சோதனைக்கு வருவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஒண்ணையும் வைக்கல."

முச்சக்கர வண்டியில் ஓடினேன். மர ஆலையில் தூள், வீட்டில் மரவள்ளி மாவும் கொஞ்சம் கறுவாக் குச்சித் தூளும். திரும்பி வரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. நிலையத்தின் பின்பக்கச் சமையலறையில், கழற்றியதையெல்லாம் சேர்த்து மெஷினைப் பூட்டினேன். சமையல் வேலையில் இருந்த வயதான கான்ஸ்டபிள் சோற்றுப் பானையை நகர்த்தி இடம் கொடுத்தார். கஞ்சி காய்ச்சி, பிசைந்து, சுற்றினேன். துளைகளில் இருந்து நீளமாக வந்தது. எட்டிப் பார்த்த இளம் சப் இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்து அடுப்புத் தணலில் போட்டார். அது உஸ்ஸென்று சீறியது. கறுத்தது. அணைந்தது.

"இதுதானா விறகு?" என்றார். "நங்கி, இதைப் பாம்புக்குத் தீனியாகத்தான் போடலாம்." தங்கச்சி என்று கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"ஈரம் சேர். காயணும். மூணு நாள் வெயில் வேணும்."

"மூன்று நாள்?" அவர் வெளியே மழையைக் காட்டினார். போய்விட்டார்.

சமையல் கான்ஸ்டபிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் மரத்தூள் அடுப்புத்தானாம். ரொட்டி சுடும் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "இன்றைக்குச் சாப்பாடு பிந்தும்" என்று சத்தமாகச் சொன்னார். உள்ளேயிருந்து யாரோ ஏசினார்கள்.

முதல் தட்டைக் கெடுத்துவிட்டேன். அவசரத்தில் நெருப்பை ஏற்றினேன். வெளியே கருகி, உள்ளே ஈரம் கட்டி, ஒவ்வொன்றாக வெடித்து உதிர்ந்தது. சமையலறை முழுவதும் தீய்ந்த கஞ்சி வாசம். மணி இரண்டு. இரண்டாம் தட்டுக்கு நெருப்பை அரைவாசியாக்கினேன். மல்லி வறுப்பது மாதிரி, கையை எடுக்காமல், புரட்டிப் புரட்டி. விரல்கள் சுட்டன. அம்மா வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து எனக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே சொல்ல வேண்டாம் என்றேன்.

மூன்றரைக்கு ஒரு பிஸ்கட் பேணியில் குளிசைகளைக் கொட்டி அதிகாரியின் முன்னால் வைத்தேன். கொளுத்த மண்ணெண்ணெய் கேட்டேன்.

"எண்ணெய் ஊற்றினால் எதுவும்தான் எரியும்," என்றார். "எண்ணெய் இல்லாமல்."

இரண்டு தணலை எடுத்து அடியில் வைத்தேன். ஊதினேன். புகைந்தது. மறுபடி ஊதினேன். மேலே ஒரு கேத்தல் தண்ணீர். வெளியே வாகனம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யாரோ அதிகாரியைத் தேடி உள்ளே வந்தார்கள். அவர் பேணியிலிருந்து கண்ணை எடுக்காமல், வந்தவருக்குக் கையை மட்டும் காட்டினார். பொறு என்று.

அப்போதுதான் பிடித்தது. நீல நிறத்தில், சத்தமே இல்லாமல், பேணியின் விளிம்பு வரைக்கும். தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. மூடி ஆடத் தொடங்கியதும் அதிகாரி மிஞ்சிய குளிசை ஒன்றை எடுத்து ஒடித்து, முகர்ந்து பார்த்தார்.

"கறுவா," என்றார்.

"ஆமா சேர். கொஞ்சம் கலந்திருக்கு."

அண்ணனை அன்றைக்கு ஏற்றவில்லை. வாகனம் வேறு இருவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குக் கொதிக்க வைத்துக் காட்டத் தண்ணீர் இருந்ததா என்றும் தெரியாது.

பிறகு என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். மொழி தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. 'எனது சகோதரனுக்குச் சொந்தமான இயந்திரத்தை நான் இயக்கிக் காட்டினேன்.' வாசித்தேன். போட்டேன்.

அண்ணனைப் பதினொரு நாள் கழித்து விட்டார்கள். மெஷினை ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்தவன், அழுதுகொண்டிருந்த அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

"தண்ணி கொதிச்சுச்சா?"

6

அடுத்த வருடம் எனக்கு இங்கே இடம் கிடைத்தது. அப்போது இங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் எதற்காக இந்தப் பாடம் என்று கேட்டிருந்தார்கள். நான் என் மெஷினைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் மெஷின் என்று. வரைபடம், அளவுகள், எந்தத் தூளுக்கு எவ்வளவு மா என்ற அட்டவணை எல்லாம் இணைத்தேன். அந்த ஒன்றரைப் பக்கம்தான் என்னைக் கொண்டுவந்து இந்தப் பனியில் விட்டது. யோசித்துப் பாருங்கள். பொலிஸுக்கு அது அண்ணனுடையது. பல்கலைக்கழகத்துக்கு என்னுடையது.

சண்டை முடிந்துவிட்டது. இங்கே எல்லோரும் என்னிடம் இனி நிம்மதிதானே என்கிறார்கள். அண்ணன் இன்னமும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொலிஸில் போய்க் கையெழுத்துப் போடுகிறான். கட்டாரில் வேலைக்கு ஒரு இடம் சரிவந்தது. பொலிஸ் நற்சான்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். சந்தேகத்துக்குரிய இரும்பு இயந்திரம், சொந்தக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆராய்ச்சி அறிக்கை வரவில்லை. அறிக்கை வராமல் மூட முடியாது என்றாராம்.

மாத்தளையில் ஒரு சட்டத்தரணி அண்ணனிடம் வழி சொல்லியிருக்கிறார். அது யாருடைய இயந்திரம், எதற்குச் செய்தது என்று உண்மையான சொந்தக்காரர் ஆதாரத்தோடு சத்தியக் கடதாசி கொடுத்தால் கோப்பை அவன் பெயரிலிருந்து எடுக்கலாம். அண்ணன் இதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் வாய் தவறிச் சொன்னாள். நான் உடனே அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"நீ பேசாம படி," என்றான். "நீ எழுதிக் குடுத்தா கோப்பு மூடாது. பேருதான் மாறும். படிப்பு முடிஞ்சு ஜூன்ல வந்து எறங்குறப்ப உன்னைய ஏர்போட்லயே கூப்பிட்டு உக்கார வைப்பாங்க."

"உன்னைய வச்சிருக்காங்களே."

"எனக்குப் பழகிருச்சு. போலிஸ்ல எனக்கு இப்ப தனிக் கதிரையே இருக்கு தெரியுமா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்தோம். இது நடந்தது மூன்று மாதத்துக்கு முன்பு. மூன்று மாதமும் நான் படித்தேன், கொதிகலனுக்குத் தீனி போட்டேன், பரீட்சை எழுதினேன். பிறகுதான் மீரா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

7

சத்தியக் கடதாசிக்கு முத்திரை குத்தி வாங்க வேண்டிய இலங்கைத் தூதரகம் தலைநகரில். ரயிலில் ஒரு முழுப் பகல். சத்தியக் கடதாசியை நானே சிங்களத்தில் எழுதினேன். அந்த முதல் கையெழுத்து எந்த மொழியில் போனதோ இதுவும் அதே மொழியில் போகட்டும் என்று. பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், வரைபடம், அட்டவணை எல்லாம் சேர்த்துக் கட்டினேன். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கப் பொதியை வைத்தது நான், அண்ணன் எடுக்கச் சொன்னான், நான் கேட்கவில்லை என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் கூடுதல் நேரம் எடுத்தது.

கரும பீடத்தில் இருந்தவர் முதலில் முகவரியில் ஒரு இலக்கம் விடுபட்டதைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவை, கடவுச்சீட்டின் பிரதியில் முத்திரை தெளிவில்லை என்றார். கீழே போய் மறுபடி பிரதி எடுத்து வந்தேன். மூன்றாம் தடவைதான் வாசித்தார். வாசிக்க வாசிக்க மெதுவானார்.

"நங்கி, இது உங்களுக்கு எதிராக நீங்களே எழுதியது மாதிரி இருக்கிறதே," என்றார். "ஊருக்குப் போகிற எண்ணம் இருக்கிறதா?"

"இருக்கு. ஜூன்ல."

"யோசித்துத்தானே?"

"ரெண்டு வருசம் யோசிச்சிட்டேன்."

முத்திரையைக் குத்துவதற்கு முன் இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. குத்தினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ரயில் நிலையத்திலிருந்தே அண்ணனுக்கு எடுத்தேன்.

"அனுப்பிட்டேன்ணே."

"என்னத்த?"

"சத்தியக் கடதாசிய. சட்டத்தரணி பேருக்கு. உனக்கு ஒரு பிரதி வரும்."

அந்தப் பக்கம் பெக்டரியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாரைக் கேட்டு அனுப்பின?"

"யாரையும் கேக்கல."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? அங்கயே ஒரு வேலையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம்ல. உன்னைய உக்கார வச்சுக் கேள்வி கேட்டா என்ன செய்வ?"

"கேக்கட்டும். அந்த மெஷினப் பத்தி என்னைய விடத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

அவன் ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வர்றேன் வர்றேன் என்றான்.

"டிக்கட் போட்டுட்டியா?" என்றான் பிறகு.

"இன்னும் இல்ல."

"ஞாயித்துக்கெழமையாப் பாத்துப் போடு. எனக்கு அன்னைக்குத்தான் லீவு. ஏர்போட்டுக்கு நான் வர்றேன். நீ தனியா வெளிய வர வேணாம்."

"சரிண்ணே."

"மொத ஞாயிறு வேணாம். அன்னைக்குக் கையெழுத்துப் போடப் போகணும்."

"அதுக்குள்ள அது முடிஞ்சிரும்ணே."

"முடிஞ்சா நல்லதுதான்," என்றான் அண்ணன். "நீ ரெண்டாவது ஞாயிறே போடு."